ஓஸ்தி மாவு

எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தில் ஓஸ்தி சுடுவார்கள். கத்தோலிக்கப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும்போது கொடுக்கிறார்களே, அந்த வட்டமான வெள்ளை அப்பம்தான். அக்கம்பக்கத்துப் பங்குக் கோயில்கள் பலவற்றுக்கும் இங்கிருந்துதான் போகும். கன்னியாகுமரி மாவட்டத்தில், கொளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே கடலைப் பார்த்து நிற்கிற ஊர் எங்களுடையது. கோயிலுக்குப் பின்னால் மடம், மடத்துக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதற்கு அப்புறம் மணல்.

மாவும் தண்ணீரும் மட்டும்தான் சேர்மானம். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, புளிக்க வைக்கக் கூடாது. கோதுமையோடு வேறு தானியம் எதுவும் கலக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துக்கொள்வார்கள். சுடுகிற கருவி, இரண்டு கனத்த இரும்புத் தட்டுகளைக் கீல் போட்டுச் சேர்த்தது போல இருக்கும். கீழ்த்தட்டில் சின்னச் சின்னச் சிலுவைகள் செதுக்கியிருக்கும். சூடானதும் ஒரு கரண்டி மாவை ஊற்றி மேல்தட்டை அழுத்தி மூடவேண்டும். ஓரத்தில் நீராவி உஸ் என்று சீறும். அந்தச் சீறல் அடங்குகிற நேரம்தான் கணக்கு. ஒரு நொடி முந்தினால் ஒட்டும், ஒரு நொடி பிந்தினால் பழுப்பேறும். எடுத்த தகடுகளை அப்படியே வெட்டினால் பொடிந்துவிடும் என்பதால் ஈரத்துணி மூடிய பெட்டியில் ஒரு ராத்திரி வைத்துப் பதப்படுத்தி, மறுநாள் வெட்டுவார்கள்.

வட்டங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற ஓரத் துண்டுகளைப் பெரிய சிஸ்டர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மடத்து வாசலில் போய் நின்றால் கைநிறையக் கிடைக்கும். பூசையில் வைக்காத அப்பம், அதனால் தின்றால் பாவமில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். ருசி என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் நாக்கில் வைத்ததும் கரைகிற அந்தத் துண்டுகளுக்காக நாங்கள் அடித்துக்கொள்வோம்.

2020 மார்ச் 21ஆம் தேதி சென்னையிலிருந்து ஊருக்கு வந்தேன். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தது. மறுநாள் மக்கள் ஊரடங்கு, 24ஆம் தேதி இரவு நாடு முழுக்க ஊரடங்கு. நான் திரும்பிப் போனது நவம்பரில்.

அது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தை நம்பித்தான் மடத்தில் ஓஸ்திக்கு மாவு வாங்கி வைப்பார்கள். வருடத்தில் வேறெப்போதும் அவ்வளவு ஓஸ்தி தேவைப்படாது. அந்த வருடமும் ஐந்து மூட்டை இறக்கியிருந்தார்கள். கோயில்களைப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு, ஊரில் ஒரு ஓலை வெட்டவில்லை. பூட்டிய கோயிலுக்குள் பங்குச் சாமியார் உபதேசியாரோடு பூசை வைத்தார், நாங்கள் செல்போனில் பார்த்தோம். என் அத்தை ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செல்போன் முன்னால் முழங்கால் போட்டாள். நன்மை கொடுக்கிற நேரம் வந்தபோது அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயைத் திறந்து, மூடி, அழுதாள். ஆசையால் வாங்குகிற நன்மை என்று ஒன்று உண்டு, அதற்கு ஒரு செபம் உண்டு என்றெல்லாம் சொன்னோம். "அது செபம், நன்மை இல்லியே" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நன்மை என்ற சொல்லைப் பற்றி அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். நற்கருணை வாங்குவதை எங்கள் பக்கத்தில் நன்மை வாங்குவது, நன்மை எடுப்பது என்றுதான் சொல்லுவோம். பிள்ளைகள் முதன்முதலாக வாங்கும் நாளைக்குப் புதுநன்மை என்று பெயர். நல்லது செய்வதற்கும் அதே சொல்தான். நாற்பது வயது வரை இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

பூட்டிக்கிடந்த கோயிலுக்குப் பக்கத்தில் பங்கு மண்டபம் ஒன்று பாதி கட்டி நின்றது. வேலைக்கு வந்தவர்கள் ஜார்க்கண்ட் பையன்கள், 14 பேர். தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் முதல் வாரம் அரிசி வாங்கிக் கொடுத்தார், இரண்டாம் வாரம் போனை அணைத்துவிட்டார். அவர்கள் பட்டினி கிடக்கிற விஷயம் எங்களுக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்துத்தான். யாரும் வந்து கேட்கவில்லை. மடத்துத் தோப்பில் விழுந்து கிடந்த தேங்காய்களை ஒரு பையன் ராத்திரியில் பொறுக்கினான், அதைப் பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார்.

பெரிய சிஸ்டருக்கு அப்போது 74 வயது. மடத்துச் சமையலும் ஓஸ்தி சுடுவதும் அவர் பொறுப்பு. தூத்தூர் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாள வாடை அடிக்கும். மடத்துத் தலைவியான மதரிடம் போய் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மதர், உள்ள அஞ்சு மூட்ட மாவு கெடக்கு."

"அது ஓஸ்திக்கு வாங்கினதுல்லா சிஸ்டர்."

"ஆமா. பிள்ளைகளு பட்டினி கெடக்கச்சில பூட்டி வைக்கதுக்கா வாங்கினோம்?"

மதர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சென்னையில் அலுவலகத்தில் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தியோடு நான் கொட்டகைக்குப் போனேன். ரொட்டி சுட்டுக்கொள்ள மாவு தருகிறோம், அடுப்பும் இருக்கிறது என்றேன். நான்கு பேர் மடத்துச் சமையலறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து பிசைந்தார்கள். ஓஸ்தி மாவு மழமழவென்றிருக்கும், ரொட்டிக்கு அவ்வளவாக ஒத்துவராது. இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும். அவர்களில் மூத்தவன் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் வெந்நீர் விட்டு ஈரத்துணியால் மூடிவைத்தான். ஈரத்துணியைப் பார்த்ததும் பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து மே மாதக் கடைசியில் சிறப்பு ரயிலில் அவர்கள் ஊர் போகும்வரை அந்த அடுப்பு அணையவில்லை. மூத்தவன் பெரிய சிஸ்டரை நானி என்று கூப்பிட்டான், அவர்கள் ஊரில் அம்மாவின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவர் அவனை மக்களே என்று கூப்பிட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவருக்கு மக்களேதான், அவனுக்கு மட்டும் வேறு சொல் தேட அவருக்குத் தோன்றவில்லை.

கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. அதை நான் அந்த மடத்தில்தான் கற்றேன், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

அந்த ஏப்ரலில் நாடு முழுக்க நிவாரணப் பைகள் கொடுத்தார்கள். அரசாங்கம் ரேஷன் அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தது, அது பலருக்குப் பெரிய உதவி. கட்சிக்காரர்கள், சங்கங்கள், சபைகள் எல்லாரும் ஐந்து கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒரு படமும் எடுத்தார்கள். பையைப் பிடித்திருக்கிற கை ஒன்று, வாங்குகிற கை ஒன்று, பின்னால் பேனர். வாங்குகிறவர்கள் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். நோய்க்குப் பயந்து ஏற்றியதில்லை அது. கடற்கரைக்காரனுக்குக் கடன் வாங்கத் தெரியும், கொடுக்கவும் தெரியும், கை நீட்டத் தெரியாது. வள்ளம் நிறைய மீனோடு வந்தால் கரையில் நிற்கிறவனுக்கெல்லாம் ஒரு கை அள்ளிப் போட்டுப் பழகினவன். அவனை வரிசையில் நிற்க வைத்தால் செத்துப்போவான்.

இது மதருக்குத் தெரிந்திருந்தது. அவரும் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைதான்.

ஒரு நாள் மாலை என்னையும் கூட்டிக்கொண்டு முக்கில் இருக்கிற அண்ணாச்சி கடைக்குப் போனார். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. அண்ணாச்சி, பற்று நோட்டைக் கொஞ்சம் தாங்க என்றார். அண்ணாச்சி தயங்கினார், கொடுத்தார். நீளவாக்கில் மடித்த, அட்டை எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டு. பக்கத்துக்கு ஒரு வீடு. பெயர்கள் இல்லை, அடையாளங்கள்தான்: கிணற்றடி வீடு, பாலத்து அக்கா, தையல்கார மைனி, வலைக்காரப் பாட்டா. சிலவற்றில் தேதி மார்ச்சோடு நின்றிருந்தது. அதுதான் மதருக்கு வேண்டியிருந்தது. தேதி நின்ற வீடு என்றால், கடன் ஏறிப்போனது என்று வெட்கப்பட்டு மேற்கொண்டு வாங்க வராத வீடு.

அண்ணாச்சியின் பேனாவை வாங்கி, அந்தப் பக்கங்களில் கணக்கை அடித்து, வரவு வைத்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்றார். கேட்டால் என்ன சொல்ல மதர் என்று அண்ணாச்சி கேட்டார். "கடையைத் திறந்து வச்சிருக்கேன், வாங்கிட்டுப் போங்க, பெறவு பாத்துக்கலாம்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. உங்க பேருதான் நிக்கணும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன், அரிசி வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்தால் இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்கலாமே என்று.

"கொடுக்கலாம். ஆனா நாளைக்குக் கோயில் திறந்தா அவங்க எல்லாம் நம்ம முகத்தைப் பாத்துத்தானே பூசைக்கு வரணும்? தல குனிஞ்சிட்டு வரப்பிடாது மக்களே" என்றார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரிய சிஸ்டர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து 50 வருடம் நிறைவதால் அந்த மே மாதம் பொன்விழா வைக்க இருந்தார்கள். பந்தல், சாப்பாடு, அவர் குடும்பத்தார் எல்லாரும் வந்து தங்க ஏற்பாடு என்று இரண்டு வருடமாகச் சேர்த்த பணம். பூசையே இல்லாத வருடத்தில் எனக்கு என்ன விழா என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மதரிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். வீட்டு அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளிக்கிழமை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரவு பத்தரை மணிக்குப் போப் பிரான்சிஸ் ரோமில் செபித்ததை நேரலையில் காட்டினார்கள். பாட்டா என்று நாங்கள் கூப்பிடும் என் தாத்தாவுக்கு அப்போது 86 வயது, 60 வருடம் கடலுக்குப் போனவர். திண்ணையில் சாய்ந்தபடி என் செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தார். பேதுரு சதுக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. மழை. வெள்ளை அங்கி போட்ட ஒரு வயதானவர் தனியாக, காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியேறி வந்தார். 1522இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போன மரச்சிலுவையை அன்றைக்கு அங்கே நிறுத்தியிருந்தார்கள். மழைநீர் அதன் மேல் வழிந்துகொண்டிருந்தது.

வாசித்த நற்செய்தி மாற்கு நான்காம் அதிகாரம். புயல், படகுக்குள் தண்ணீர், இயேசு பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார், சாகப்போகிறோமே உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் அவரை எழுப்புகிறார்கள். நாம் எல்லாரும் ஒரே படகில் இருப்பதை இப்போதுதான் உணர்ந்தோம் என்று போப் பேசினார். இத்தாலியனில் பேசினதை எனக்குத் தெரிந்தவரை பாட்டாவுக்குச் சொன்னேன்.

பாட்டா உடனே ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "பின்பக்கம்னா அமரம். அமரத்துல இருக்கவன்தான் சுக்கான் பிடிக்கவன். அவன் தூங்குதான்னா, தண்டு வலிக்கவனுக மேல நம்பிக்கை வச்சுத்தான் தூங்குதான். நாம இல்லா வலிக்கணும்" என்றார். தண்டு என்றால் துடுப்பு.

கோயிலில் இந்த நற்செய்திக்கு நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாம் உன் விசுவாசம் எங்கே என்பதில்தான் முடியும். பாட்டா சொன்ன மாதிரி ஒருவரும் சொன்னதில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் கரையில் எத்தனை வீட்டை வெறுமையாக்கியது என்று தெரிந்தவர், சொந்தத் தம்பி மகனை அதில் கொடுத்தவர் சொன்னது இது. மறுநாள் மடத்தில் போய்ச் சொன்னேன். மதர் அதை ஒரு காகிதத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்தார். புகைபடிந்து மஞ்சளாகி இன்றும் இருக்கிறது.

நோய் கடவுள் கொடுத்த தண்டனை என்று வாட்ஸாப்பில் சுற்றியதையும் சொல்லவேண்டும். பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த எங்கள் அன்பியக் குழுவிலேயே ஒருவர் தினமும் காலையில் அதை அனுப்புவார். மதர் அவரைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, சேட்டா, மடத்தில் விறகு பிளக்க ஆள் இல்லை, வருகிறீர்களா என்று கேட்டார். வந்தார். அதற்குப் பிறகு குழுவில் அந்தச் செய்தி வரவில்லை.

ஏப்ரல் நடுவில் மீன்பிடிக்கு விலக்குக் கொடுத்தார்கள். சின்ன வள்ளங்கள் போயின. சாளையும் நெத்திலியும் வந்தன, வாங்க ஆளில்லை. சந்தைகள் மூடியிருந்தன, களியக்காவிளையில் எல்லை இறுகிவிட்டதால் கேரள வியாபாரிகள் வரவில்லை. தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிற பெண்களுக்கு பஸ் இல்லை. மேலே, உள்நாட்டில், அதே கதை வேறு மாதிரி. மரச்சீனிக் கிழங்கு பிடுங்குகிற பக்குவத்தில் நின்றது, லாரி இல்லை. சக்கை, அதாவது பலா, பழுத்து மரத்தடியில் விழுந்து அழுகியது. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரித் தொழிற்சாலை மூடி வாரக்கூலி நின்றுபோன பெண்கள் வீட்டில் கிழங்கு மட்டும் இருந்தது, கடற்கரை வீடுகளில் மீன் மட்டும் இருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் 1982 இருக்கிறது. மண்டைக்காடு கலவரத்தைப் பற்றி இங்கே நான் விரித்து எழுதப்போவதில்லை; எங்கள் பக்கத்தார் யாருக்கும் அதை விளக்கவும் தேவையில்லை. கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் மேலத்தெரு இந்துக்களுக்கும் நடுவே அந்த மார்ச்சுக்குப் பிறகு ஒரு கோடு விழுந்தது. வியாபாரம் உண்டு, வணக்கம் உண்டு, வீட்டுக்குள் போக்குவரத்துக் குறைவு. என் தலைமுறை அந்தக் கோட்டைப் பார்க்காமலே அதன்படி நடந்து வளர்ந்தது.

மதர் மேலத்தெருவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்குப் போன் போட்டார். அவர் பேத்தி மடத்துத் தையல் வகுப்பில் படித்தவள், அவ்வளவுதான் அறிமுகம். நாங்கள் மீன் தருகிறோம், நீங்கள் கிழங்கு தாருங்கள், விலை பேச வேண்டாம் என்றார். மறுநாள் காலை மடத்து வண்டியில் இரண்டு பெட்டி சாளை மேலே போனது. அதே வண்டி மூன்று மூட்டை கிழங்கோடும் நான்கு சக்கையோடும் கீழே வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொடுத்தவர் ஒருவர், வண்டிக்கு டீசல் போட்டவர் ஒருவர். மேலத்தெருவில் மீன் தின்னாத வீடுகளுக்கு என்ன கொடுப்பது என்று பெரிய சிஸ்டருக்குக் கவலை. மடத்துத் தோப்புத் தேங்காயை அந்த வீடுகளுக்கென்று தனியாக எண்ணி அனுப்பினார்.

கிழங்கு வந்த முதல் நாள் எங்கள் தெருவே மணத்தது. கிழங்கை அவித்து மஞ்சளும் தேங்காயும் மிளகாயும் சேர்த்துக் குழைத்து, பக்கத்தில் சாளைக் கறி. பாட்டா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இது எந்த ஊர்க் கிழங்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்துவிட்டு, "நல்லா வெந்திருக்கு" என்றார்.

இந்த மாவட்டத்தில் கன்னியர் மடங்களுக்கு இப்படி ஒரு பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்தர் என்ற கன்னியர் ஒரு துணையோடு முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இங்கிருந்த குருக்கள் கேட்டிருந்தார்கள், அதற்காக வந்தவர். மொழி தெரியாது, வெயில் பழக்கமில்லை, திரும்பிப் போகிற எண்ணமும் இல்லை. முளகுமூட்டில் தொடங்கிய அந்தச் சபை 1910இல் பிலிப்பைன்ஸ் வரை போய், பிறகு உலகமெல்லாம் பரவியது. தெற்குத் திருவிதாங்கூரின் ஒரு மூலையில் இருந்த பிள்ளைகளின் பசிக்காக உலகச் சபை ஒன்று பிறந்தது என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கே தெரியாது. எங்கள் மடம் அந்தச் சபையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் மதர் அடிக்கடி அந்தக் கதையைச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் அவர் அழுத்திச் சொல்வது ஒன்றைத்தான்: அவர் பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தார், சபை தொடங்க வரவில்லை.

ஜூன் மாதம் முழுக்க ஈரான் கவலை. எங்கள் கரைப் பையன்கள் ஒப்பந்தக் கூலிக்கு ஈரான் படகுகளில் மீன்பிடிக்கப் போவது வழக்கம். பிப்ரவரியிலிருந்து படகிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள், நல்ல தண்ணீர்கூட எண்ணிக் குடிக்கிற நிலை. எங்கள் ஊர் வீடுகளிலும் ஆட்கள் அங்கே இருந்தார்கள். மனைவிமார் ராத்திரி எட்டு மணிக்குப் போனில் ஒன்றாகச் சேர்ந்து செபமாலை சொன்னார்கள், மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் முன்சொல்லுவார். ஒருத்தி சிக்னல் போய்ப் போய் வருவாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவாள், காணாமல் போவாள், செபமாலையில் இரண்டு மணி தள்ளி ஆமென் என்று திரும்பி வருவாள். யாரும் சிரிக்கவில்லை, அவளுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஜூலை 1ஆம் தேதி கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 687 பேரோடு பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடி வந்தது. அன்றைக்கு ராத்திரியும் செபமாலை உண்டு என்று மதர் சொல்லிவிட்டார். கேட்டதற்குச் சொன்ன அதே 53 மணியைக் கிடைத்ததற்கும் சொல்லவேண்டும் என்றார்.

செப்டம்பர் 1ஆம் தேதி கோயில்கள் திறந்தன. என் அத்தை நன்மை வாங்கினாள். கையில்தான் கொடுத்தார்கள், நாக்கில் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள், பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி பூட்டினார்கள். இந்தத் தடவை நோய் ஊருக்குள் வந்துவிட்டது. நான் சென்னையில் இருந்தேன். மே மாதம் பெரிய சிஸ்டருக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்சிலேயே இரண்டு மணி நேரம் காக்க வைத்து, இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அரசு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. அங்கே ராத்திரிப் பணியில் இருந்த நர்ஸ், எங்கள் மடத்து விடுதியில் தங்கிப் படித்த பெண். அவர் தன் போனில் கூப்பிட்டு, பெரிய சிஸ்டரின் காதில் வைத்தார். மடத்திலிருந்த எல்லாரும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பெரிய சிஸ்டரால் பேச முடியவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாம். ஐந்தாம் நாள் விடியற்காலை போய்விட்டார்.

மடத்துத் தோப்போரம் உள்ள சின்னக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். ஆழமாகக் குழி தோண்டவேண்டும் என்பது விதி. எங்கள் மண் கடல் மணல், நான்கு அடிக்குக் கீழே போனால் பக்கச் சுவர் சரிந்து விழும். மண்வெட்டியால் ஆகாத வேலை. மேலத்தெருவிலிருந்து ஜேசிபி வந்தது. ஓட்டிவந்தவர் இரண்டு பக்கமும் சரிவு வைத்து அகலமாகத் தோண்டி, உடல் இறங்கியதும் அவரே மண்ணைத் தள்ளி மூடினார். பாதுகாப்பு உடை போட்ட நான்கு இளைஞர்கள், சாமியார், தள்ளி நின்ற மதர். வேறு யாருக்கும் அனுமதியில்லை. ஊர் மொட்டை மாடிகளில் நின்றது. இதையெல்லாம் என் தங்கை எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன்.

முடிந்ததும் மதர் பணத்தை நீட்டினார். ஜேசிபிக்காரர் வாங்கவில்லை.

"வேண்டாம் மதர். எங்க அம்மா இந்த சிஸ்டருட்ட கிழங்குக் கணக்கு பேசுவா. ஒரு தேங்காய்கூட கொறையாம அனுப்புவாங்கன்னு சொல்லுவா" என்றாராம்.

அவர் வீடுதான் நோட்டில் இருந்த கிணற்றடி வீடு. அந்தப் பக்கத்தை மதர் தன் கையால் அடித்ததும், அந்தப் பணம் யாருடைய பொன்விழாப் பணம் என்பதும் அவருக்குத் தெரியாது. மதர் சொல்லவில்லை. நன்றி தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டி கிளம்பும்வரை நின்றிருக்கிறார்.

ஜூலை 5ஆம் தேதி மறுபடி கோயில்கள் திறந்தன. அந்த வாரம் ஊருக்குப் போனேன். மடத்தில் ஓஸ்தி சுட ஆரம்பித்திருந்தார்கள். புதிதாக வந்த இளைய சிஸ்டர் ஒருவர் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேல்தட்டை அழுத்தி மூடிவிட்டு, காதைச் சாய்த்து, சீறல் அடங்கக் காத்திருந்தார். திறந்தால் பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. இன்னும் கொஞ்சம் முன்னால் எடுங்கள் சிஸ்டர் என்று மதர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஏழாவது தகடு வெள்ளையாக வந்தது.

பழுப்பேறிய தகடுகளை உடைத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தார்கள். வாசலில் முகக்கவசம் போட்ட மூன்று பிள்ளைகள் ஒரு கை தூரம் விட்டு நின்றன. அன்றைக்கு வியாழக்கிழமை. டின்னை என் கையில் கொடுத்து, நீயே கொடு மக்களே என்றார் மதர்.